தொட்டிக்குப் பின்னால் குட்டியானை

ஐந்து வாரமாக லாசர் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோர்ட்டு உத்தரவும் இல்லை. வாசலில் பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் பச்சை நிற இரும்புத் தொட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். தொட்டிக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் சந்து. அந்தச் சந்தில் அவர் மனைவி அக்சிலியா ஒருக்களித்துப் போய் வந்தாள். பக்கத்து வீட்டுப் பூனை, சினையாக இருந்தபோதுகூட, போய் வந்தது. லாசருக்கு மட்டும் வயிறு இடித்தது.

தொட்டிக்குப் பின்னால், உள்பக்கம், அவருடைய குட்டியானை நின்றது. நாலு சக்கரச் சின்னச் சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முன்கண்ணாடியில் 'அந்தோணியார் துணை'. இருபுறமும் கட்டிய வாழைக்கன்றுகள் காய்ந்து சருகாகியிருந்தன. சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகும் சாலையில் பஜ்ஜிக் கடை, போண்டாக் கடை, கல்யாண மண்டபம் என்று ஏறி இறங்கி, பொரித்து முடித்த பழைய எண்ணெயை வாங்கி சோப்புக்காரர்களுக்குக் கொடுப்பது லாசரின் பதினைந்து வருஷத் தொழில். குட்டியானை நகர்ந்தால் தொழில். நகராவிட்டால் அது வெறும் தகரம்.

சுற்றிலும் ஏழடிச் சுவர். சுவர்மேல் உடைந்த பாட்டில் துண்டுகள். வண்டியில் டீசல் திருடுகிறார்கள் என்று போன வருஷம் லாசரே தன் கையால் பதித்தவை. தொட்டி வந்த மூன்றாம் நாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். மேலே போய்ச் சேர்ந்தது அவருடைய கைலியில் பாதி மட்டும்தான். அது இன்னும் அங்கேதான் கொடி மாதிரி பறக்கிறது.

சுவரில் ஒரு பக்கம் இடித்துக்கொள்ளலாமா என்று வீட்டுச் சொந்தக்காரர் காளியண்ணனிடம் கேட்டார். ரிக் லாரிகள் வைத்துப் போர்வெல் போடும் காளியண்ணன் அடுத்த வீட்டில்தான் இருந்தார். தொட்டி நிற்கும் இடத்துக்கு நிறுவனம் அவருக்குத் தனியாக வாடகை கொடுத்தது.

"செவுரு எங்கப்பாரு நின்னு கட்னது லாசரு. ஒரு கல்லு பேந்துதுன்னா நீ வேற ஊடு பாத்துக்கோ. தொட்டி உன்னைய என்ன பண்ணுது? அது பாட்டுக்கு நிக்குது. சோறு கேக்குதா, தண்ணி கேக்குதா?"

தொட்டியின் வெளிப்பக்கம், சாலையில் போகிறவர்கள் படிக்கும்படி, ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது: 'வானம் இனி உங்கள் வாணலியிலிருந்து!' உள்பக்கம் எதுவும் எழுதவில்லை. லாசர் பார்த்துக்கொண்டிருந்தது உள்பக்கத்தை.

இந்த வாசகத்தின் ஆசிரியர் கௌதமன். ககனபசுமை எரிபொருள் நிறுவனத்தின் மேற்கு மண்டல வழங்கல் திட்டமிடல் முதுநிலைத் தலைமை அலுவலர். விசிட்டிங் கார்டில் பதவி மூன்று வரி வந்துவிட்டதால் கைபேசி எண்ணைப் பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள். நாலு மாதம் முன்பு அவர் லாசரின் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியை அரிசி டிரம்மின் மேல் வைத்து, அறுபத்துநாலு படங்கள் காட்டினார். பொரித்த எண்ணெயைச் சுத்திகரித்து விமானத்துக்கு எரிபொருள் ஆக்கப் போகிறார்கள். வழக்கமான எரிபொருளோடு முதலில் நூற்றுக்கு ஒரு பங்கு கலப்பார்கள், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. பூமி குளிரும். லாசர் குளிர்வார்.

"ப்ளேன்ல ஊத்துனா பஜ்ஜி வாசம் அடிக்காதுங்களா?" என்று கேட்டார் லாசர்.

"நல்ல கேள்வி," என்றார் கௌதமன். அவர் பதில் சொல்லத் தேவையில்லாத கேள்விகளை அப்படித்தான் அழைப்பார்.

நாற்பத்தோராவது படத்தில் ஆட்டையாம்பட்டி வந்தது. முறுக்குக்குப் பேர்போன ஊர். அந்த ஊருக்குள் மாதம் எத்தனை டின் எண்ணெய் போகிறது என்று கௌதமன் மொத்த வியாபாரிகளிடம் துல்லியமாக எடுத்திருந்தார். உள்ளே போவதில் நூற்றுக்கு முப்பது கழிவாக வெளியே வரும் என்பது உலக சராசரி. ஆகவே நாளைக்கு நானூறு லிட்டர். முப்பதே நாளில் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் டேங்கர் லாரி வரும். அரைத் தொட்டிக்கு வராது. முதல் லோடு போன பிறகு லிட்டருக்கு ஊக்கத்தொகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஊக்கத்தொகை ஏறும்.

லாசர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தோராம் ஷரத்து என்ன சொல்கிறது என்று அக்சிலியா மட்டும் கேட்டாள். எண்ணெயில் கலப்படம் தெரிந்தால் வண்டி பறிமுதல், ஆள்மேல் வழக்கு என்றார் கௌதமன். "நாம எதுக்குக் கலக்கப் போறோம்?" என்று லாசர் சிரித்தார்.

தொட்டியை வைக்க வேண்டிய இடம் வீட்டின் பின்பக்கம், வேப்பமரத்தடி. அதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விழா. குட்டியானையை உள்ளே கொண்டுவந்து, வாழைக்கன்று கட்டி, கொடியசைப்பதற்குத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். நிறுவனத்தின் இயக்குநர் ஜாதகப் பக்தர். பத்தரைக்கு இராகு காலம் பிறப்பதற்குள் பூசை முடிந்துவிட வேண்டும் என்று மூன்று முறை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். லாசரின் வீடு என்பதால் சர்ச்சின் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து 'சமய நல்லிணக்கத் தொடக்கம்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள்.

அன்று பார்த்துப் பங்கில் ஒரு சாவு. ஃபாதர் ஜோஸ்வா அடக்கப் பூசை முடித்து வந்தபோது மணி பத்து இருபது. கிரேனில் தொட்டி தொங்கியது, கேட்டுக்கு நேர் மேலே. ஃபாதர் தீர்த்தச் செம்போடு அண்ணாந்து பார்த்தார்.

"ஆடிக்கிட்டு இருக்கறத எப்படிங்க மந்திரிக்கிறது? கீழ வைங்க சித்த நேரம்."

சித்த நேரத்துக்குக் கீழே வைத்தார்கள். இருந்த இடம் கேட்டு வாசல். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அய்யர் கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. பத்து இருபத்தொன்பதுக்குக் கௌதமன் கைபேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்தார்.

அந்தப் படம் சாதாரணப் படம் அல்ல. எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதிலேயே பதிந்து, நேராக நிறுவனத்தின் வலைத்தளத்துக்குப் போய், அங்கிருந்து எந்தத் துளி எண்ணெய் எந்த இடத்திலிருந்து வந்தது என்று சான்று கொடுக்கும் வெளிநாட்டு அமைப்புக்குப் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தது. பத்தரைக்கு இராகு காலம் பிறந்தது. இராகு காலத்தில் தொட்டியை நகர்த்த இயக்குநர் சம்மதிக்கவில்லை. கிரேன் சங்ககிரியில் வேறு வேலைக்குப் போனது. மதியம் திரும்பி வந்தபோது வெளிநாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்துவிட்டிருந்தது. சேகரிப்பு மையம் எண் ஒன்று, அமைவிடம் உறுதி.

மறுநாள் நாலு பேர் வந்து தொட்டியின் கால்களை வாசலிலேயே கான்கிரீட் போட்டு முடுக்கினார்கள். லாசர் கத்தினார். அவர்கள் கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காட்டினார்கள். எண்கள் சரியாக இருந்தன.

"இடம் மாத்தணும்னா மாத்தலாம், லாசர் சார்," என்றார் கௌதமன் போனில். "மனு குடுத்தா நூத்தி எண்பது நாள். ஆடிட் பண்ணுவாங்க. ஆனா ஆடிட் முதல் லோடு போனப்புறம்தான்."

"லோடு எப்டீங்க போவும்? எண்ணெ கொண்டுவார வண்டி உள்ளாற மாட்டிக்கிச்சுங்களே!"

"நல்ல கேள்வி."

வண்டி வெளியே வந்தால் எண்ணெய். எண்ணெய் நிரம்பினால் லாரி. லாரி வந்தால் தொட்டி நகரும். தொட்டி நகர்ந்தால் வண்டி வெளியே வரும். லாசர் இதைச் சுவரில் கரியால் எழுதிப் பார்த்தார். எங்கிருந்து தொடங்கினாலும் குட்டியானையின் பின்புறத்தில் வந்து முட்டியது.

வேறு வழியில்லாமல் அக்சிலியா வெளியே நின்ற தன் எக்ஸெல் மொபெட்டில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். முன்பெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தவர்கள் இப்போது பழைய எண்ணெயை டிரம்மில் ஊற்றிப் பூட்டி வைத்திருந்தார்கள். ஊக்கத்தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறப்போகிறது என்பதைக் கௌதமனே நோட்டீஸ் அடித்துக் கடைகளில் ஒட்டியிருந்தார். ஏறப்போகிற பொருளை எந்தச் சேலத்துக்காரன் இன்றைக்கு விற்பான்?

"பஜ்ஜிக் கடை தனசேகரு என்ன சொல்றான் தெரியுங்களா? எண்ணெய நக பீரோவுல வெச்சுருக்கானாமா," என்றாள் அக்சிலியா, சந்துக்குள் கேனைத் தள்ளியபடி.

ஐந்து வாரத்தில் தொட்டிக்குள் போனது முந்நூற்றுப் பத்து லிட்டர். தொட்டியின் மேல் பதித்த கருவி ஒவ்வொரு நாளும் காலையில் லாசரின் கைபேசிக்கு அதைச் சதவீதமாக அனுப்பியது. கீழே ஒரு வரி: 'முயற்சி திருவினையாக்கும்.'

ஆட்டையாம்பட்டி முறுக்குக்காரி அங்கம்மாள் அவரைப் பார்க்க வந்தது அந்த ஐந்தாவது வாரத்தில்தான். சொன்ன சாக்கு, அவளிடம் இரவல் வாங்கிய பழைய கேன் ஒன்று லாசரிடம் இருந்தது. உண்மையான காரணம், ஆள் மாட்டிக்கொண்ட கதை ஊரெல்லாம் பரவி, நேரில் பார்க்காதவர்கள் அவமானப்படும் நிலை வந்திருந்தது. சந்தில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள். உள்ளே லாசர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கூண்டுக்குள்ளிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார் மாதிரி.

"ஏஞ்சாமி, எளச்சாப்புல தெரியலியே!"

"உக்காந்தே கெடந்தா எப்டிங்க்கா எளைக்கும்? சரி, நீங்களாச்சு எண்ணெ குடுக்கலாமுல்ல? உங்கூருலருந்து நாளைக்கு நானூறு லிட்டரு வரும்னு அந்தத் தம்பி படம் போட்டுக் காட்டுச்சு."

அங்கம்மாள் சிரித்த சிரிப்பில் தொட்டி அதிர்ந்தது.

"எங்க சட்டி காலியாவறதே இல்லியே சாமி. காலைல ஊத்துறது மத்தியானம் கொறையும். கொறைய கொறைய புதுசு ஊத்துவம். மறுக்கா கொறையும். கடேசில அடில ஒரு கரண்டி கசண்டு நிக்கும், அத சென்ட்ரிங் பலகைக்கு தடவ கொத்தனாரு வாங்கிட்டுப் போயிருவாரு. மிச்சமெல்லாம் எங்க போவுது? முறுக்குக்குள்ள போவுது. முறுக்கு தின்னவுங்க வயித்துல போயி அந்தத் தம்பிய குழாய் போட்டு எடுக்கச் சொல்லு."

லாசருக்கு இது தெரியாதா? பதினைந்து வருஷமாகத் தெரியும். முறுக்குக்காரர்களிடம் அவர் ஒரு சொட்டு வாங்கியதில்லை. ஆனால் அறுபத்துநாலு படம் ஓடும்போது, அதில் தான் தினமும் போய்வந்த ஊர் வண்ணத்தில் வரும்போது, தனக்குத் தெரிந்தது தப்பாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோட்டுப் போட்டவர் சொல்கிற முப்பது சதவீதத்தை மறுத்துப் பேசக் கைலி கட்டியவருக்குக் கூச்சம்.

"அப்பொ நான் செத்தாத்தான் இங்கிருந்து போவணுமாட்டக்குது," என்றார்.

"செத்தாலும் பெட்டி இதுக்குள்ளாற நொழையாது," என்றாள் அங்கம்மாள் சந்தை அளந்து பார்த்து. பிறகு தொட்டியைத் தட்டினாள். டங்கென்றது. "நெரம்புனாத்தான லாரி வரும்? நெரப்பு. எண்ணெ மேல மெதக்கும். அடில என்ன இருக்குதுன்னு எந்த எண்ணெயாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்குதா?"

"பாவம்க்கா அது."

"பாவமா? உன்னைய இங்க அடச்சு வெச்சுருக்கறதுக்குப் பேரென்ன, பண்டிகையா?"

அவள் கேனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். லாசர் இரண்டு நாள் அந்தோணியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பட்டப்பகலில், காளியண்ணன் தன் தொழில் பெருமைக்காக அந்தக் காம்பவுண்டுக்குள் தொள்ளாயிரம் அடி இறக்கிய போர்வெல்லிலிருந்து லாசர் குழாயை இழுத்துத் தொட்டியின் வாயில் விட்டார்.

நாலரை மணி நேரம் தண்ணீர் ஓடியது. மேலிருந்த கருவி உயரத்தை மட்டும் அளக்கும். உள்ளே இருப்பது என்ன என்று கேட்கத் தெரியாது. அந்த வகையில் அது நிறுவனத்தின் பிற அதிகாரிகளோடு ஒத்துப்போனது. சாயங்காலம் லாசரின் கைபேசி கிணிகிணித்தது. நூறு சதவீதம். பட்டாசு வெடிக்கிற படம். 'முயற்சி திருவினையாக்கியது.'

மாட்டிக்கொண்டவனின் திட்டம் கேட்டு வரைக்கும்தான் நீளும். தொட்டி நிரம்பும், லாரி வரும், தொட்டி நகரும், குட்டியானை வெளியே ஓடும் என்பதுவரை லாசர் யோசித்திருந்தார். லாரி எங்கே போகும் என்பதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கௌதமன் வந்துவிட்டார். சந்தில் ஒருக்களித்து நுழைந்தார். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது. அவர் முகத்தில் பெருமை வழிந்தது. தலைமை அலுவலகக் கணக்கில் பதினோரு மையங்களில் பத்து மையம் காய்ந்து கிடந்தது. நிரம்பியது இது ஒன்றுதான். அவருடைய முப்பது சதவீதம் மெய்யாகிவிட்டது.

ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார். ஒரு விரலை விட்டார். எடுத்தார். எண்ணெய். முகர்ந்தார். பஜ்ஜி. ஒரு விரலுக்கு மேல் விட்டுப் பார்க்க அவருக்கு அவசியமும் இல்லை, ஆசையும் இல்லை.

"லாசர் சார், நீங்க சாதிச்சுட்டீங்க. வியாழக்கிழமை டேங்கர் வருது. பிளான்ட்ல லோடு இறக்கி லேப்ல டெஸ்ட் பண்ணி, அன்னைக்கே சர்ட்டிபிகேட். உங்க பேரு வரும்!"

லாசரின் காதில் 'லேப்' என்ற சொல் மட்டும் விழுந்தது. திரும்பிக் குட்டியானையைப் பார்த்தார். அந்தோணியாரைப் பார்த்தார். நாற்பத்தோராம் ஷரத்தை அக்சிலியா ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் வாயில் முந்தானை இருந்தது.

ஐந்து வாரமாக எந்த லாரிக்காக லாசர் செபமாலை உருட்டினாரோ, அந்த லாரி வரக்கூடாது என்று இப்போது அவருக்கு வேண்டியிருந்தது.

"வேணாங்க சார்," என்றார்.

"என்ன வேணாம்?"

"லாரி வேணாங்க. அத்தன தூரத்துலருந்து பன்னண்டாயிரம் லிட்டருக்கு ஒரு லாரி வந்துபோட்டுப் போனா, அது குடிக்கிற டீசலு? அது உடற பொக? பூமிய குளுர வெக்கறதுக்கு வந்த லாரியே பூமிய சுட்டுப்போட்டுப் போவுதுங்களே. அந்தக் கணக்கு உங்க படத்துல வல்லீங்களா?"

கௌதமன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு வாதத்தை அவர் பதினோரு மாவட்டங்களில் கேட்டதில்லை.

"அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

லாசரின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "இன்னொரு தொட்டி வைங்க. ரெண்டும் நெரம்பட்டும். இருவத்திநாலாயிரத்துக்குப் பெரிய லாரியா ஒரே வாட்டி வரட்டுமுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று புரிந்தது. அக்சிலியா வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள். "ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சா?" என்று கேட்டாள். கௌதமன் அதற்குள் இயக்குநரோடு போனில் இருந்தார். 'அடித்தட்டு மக்களிடமிருந்து எழுந்த பசுமைச் சிந்தனை' என்ற சொற்கள் காதில் விழுந்தன. வியாழக்கிழமை லாரி ரத்தானது. அதற்கடுத்த புதன்கிழமை இரண்டாவது தொட்டி, பாராட்டு விழாவோடு.

புதன்கிழமை பன்னிரண்டுக்கு இராகு காலம். கிரேன் பத்தேகாலுக்கு வந்தது. ஓட்டியவர் தங்கமுத்து, ராசிபுரத்துக்காரர், வெற்றிலை மென்றபடி சுவருக்கு மேலாக உள்ளே பார்த்தார். வாசல் அடைத்திருப்பதால் சாலையில் நின்றுதான் தூக்க வேண்டும்; அங்கிருந்து வேப்பமரத்தடிக்குக் கிரேனின் கை எட்டாது. எட்டுகிற ஒரே இடத்தில் குட்டியானை நின்றது.

"மொதல்ல இந்த யானையத் தூக்கி ரோட்டுல வெக்கோணும். அப்பறந்தான் தொட்டி," என்றார் தங்கமுத்து.

 ஆறு வாரமாக லாசர் செபித்தது, கெஞ்சியது, எழுதியது, நிரப்பியது எல்லாம் எதற்காகவோ, அது யாரும் கேட்காமலே நடக்கப்போகிறது. கொடுப்பது நிறுவனம் அல்ல. நிறுவனத்துக்கு இடம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வண்டியின் வயிற்றுக்கடியில் பெல்ட்டைக் கோத்ததும் அவர் ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க ஏறறீங்க?"

"பிரேக்கு புடிக்கோணுமுல்ல?"

"அந்தரத்துல பிரேக்கு எதுக்குங்க?" என்றார் தங்கமுத்து. ஆனால் அக்சிலியா அவருக்குக் காலையிலிருந்து மூன்று டீ கொடுத்திருந்தாள். மேற்கொண்டு பேசாமல் நெம்புகோலை இழுத்தார்.

குட்டியானை எழுந்தது. காய்ந்த வாழைக்கன்றுகள் உதிர்ந்தன. லாசர் முதன்முறையாகச் சுவரின் உச்சியைக் கீழே பார்த்தார். பாட்டில் துண்டுகளில் தன் பாதிக் கைலி ஆடுவதைப் பார்த்தார். தூரத்தில் கஞ்சமலை. சாலையில் ஊரே கூடியிருந்தது. அங்கம்மாள் ஒரு கூடை முறுக்கோடு வந்து விற்றுக்கொண்டிருந்தாள். விமான எரிபொருள் திட்டத்தில் தரையைவிட்டு எழும்பிய முதல் வாகனம் இதுதான் என்று யாரோ கத்த, கைதட்டினார்கள்.

வண்டி சரியாகச் சுவருக்கு நேர் மேலே வந்தபோது கௌதமன் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க! செம ஷாட். அப்படியே இருக்கட்டும்."

கிரேன் நின்றது. குட்டியானை ஆடியது. கௌதமன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

பதினைந்தடி உயரத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. தன் வாழ்நாளில் லாசர் அப்படிக் கத்தியதில்லை.

"போட்டோ எடுக்காதீங்க! சார், சாமி, உங்க கால்ல உழுவறேன், போட்டோ மட்டும் எடுத்துப்போடாதீங்க! அக்சிலீ! அந்தாள புடி! எடுத்தான்னா நான் இங்கியேதான் தொங்கோணும்!"

கௌதமனுக்கு விளங்கவில்லை. அடித்தட்டு மக்களுக்குப் புகழ் கூச்சம் என்று நினைத்து, சிரித்தபடி கைபேசித் திரைக்குள் ஆளைக் கொண்டுவந்தார். அக்சிலியா அவரிடம் போகவில்லை. நேரே கிரேனுக்குப் போனாள்.

"தங்கமுத்தண்ணா, எறக்குங்க. ராகு காலம் பொறக்குது."

இராகு காலத்துக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு நிறுத்தி யோசிக்கிற கிரேன்காரர் எங்கள் ஜில்லாவில் கிடையாது. கிரேனின் கை சாலைப் பக்கம் திரும்பியது, நெம்புகோல் இறங்கியது. படத்தில் கௌதமனுக்குக் கிடைத்தது மேலே போகிற இரும்புக் கம்பியும் ஒரு துண்டு வானமும்தான். குட்டியானை சாலையில் நாலு சக்கரமும் ஊன்றி நின்றது. லாசர் சாவியைத் திருகினார். பேட்டரி செத்திருந்தது. தள்ளினார்கள். இருமியது, புகைந்தது, ஓடியது.

அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பொன்னாடையை வாங்கிக்கொள்ள நிற்கவில்லை. கௌதமன் அதைத் தொட்டிக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். லாசர் ஆட்டையாம்பட்டி வரை போனார், அங்கிருந்து சுற்றி இளம்பிள்ளை போனார், காரணமே இல்லாமல் இரண்டு முறை யூ டர்ன் போட்டார். திருப்ப முடிவதே அவருக்கு ஆனந்தமாக இருந்தது. ஒவ்வொரு கடையிலும் எண்ணெய் கேட்டார். தண்ணீரை எடுத்துவிட்டு எண்ணெயால் நிரப்பிவிட்டால் போதும். லேப் வந்தாலும், ஷரத்து வந்தாலும், குட்டியானை பிழைத்துக்கொள்ளும். தனசேகர் பீரோவைத் திறக்கவில்லை. "அடுத்த மாசம் ஏறுதுங்களே," என்றான்.

பொழுது சாயப் பசி எடுத்தது. வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.

வாசலில் பச்சைத் தொட்டி. அதன் தோளுக்குப் பின்னால், குட்டியானை நின்ற இடத்தில், இன்னொரு பச்சைத் தொட்டி. இரண்டின் தலையிலும் விளக்கு எரிந்தது: ஒன்றில் நூறு, ஒன்றில் பூச்சியம். லாசர் வண்டியை நிறுத்தி, இறங்கி, வழக்கம்போல விறுவிறுவென்று நடந்து, தூணுக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றார்.

வயிறு இடித்தது.

சந்தின் அந்தப் பக்கம் அக்சிலியா வந்து நின்றாள். 

"கிரேனு போயிருச்சா?" என்றார் லாசர்.

"அப்பவே."

"ஏணி?"

"ஏணி உள்ளாற இருக்குதுங்க. வெளிய தூக்கிப் போட்டா ஏறிருவீங்களா?"

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். பாதிக் கைலி அசைந்தது.

"எத்தன லிட்டரு கெடச்சுது?" என்றாள்.

"எட்டு."

அக்சிலியா உள்ளே போனாள். சோற்றுப் போசிப் பாத்திரமும் தட்டுமாகத் திரும்பினாள். வாயகன்ற போசியும் பெரிய தட்டும் சந்துக்குள் நுழையவில்லை. தட்டைச் சரித்தால் குழம்பு கொட்டியது. கடைசியில் அவள் சோற்றை உருட்டி, நடுவில் குழி செய்து, அதில் குழம்பை ஊற்றி, சந்துக்குள் கையை நீட்டினாள்.

"வெசையா வாங்குங்க. ஒழுவுது."

லாசர் கையை நீட்டி வாங்கினார். வாயில் போட்டு மென்றபடி, கேட்டுத் தூணில் சாய்ந்து தொட்டியை அண்ணாந்து பார்த்தார். ஆறு வாரத்தில் முதன்முறையாக அவருக்கு அதன் வெளிப்பக்கம் படிக்கக் கிடைத்தது: 'வானம் இனி உங்கள் வாணலியிலிருந்து!'

அடுத்த உருண்டைக்காகச் சந்துக்குள் கையை நீட்டினார்.